மீன் பெட்டியில் போன லேப்டாப்

போன வருஷம் மாசி மாசம் நடந்தது இது. மண்டபத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் வீட்டில். வீடு பெரிய வீடுதான், ஆள்தான் நான் ஒருவன். அக்காவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது, ஒரு மாதம் கூட இருந்து பார்த்துவிட்டு வருகிறோம் என்று அய்யாவும் அம்மாவும் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். அந்தக் குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. இவர்கள் இன்னும் வந்தபாடில்லை.

நான் சென்னையில் ஒரு கம்பெனிக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். கொரோனா சமயத்தில் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். பிறகு பெரும்பாலானவர்கள் ஒவ்வொருவராக ஆபீசுக்குத் திரும்பினார்கள். நான், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி இங்கேயே தங்கிவிட்டேன். சென்னையில் இருந்தபோதும் தனியாகத்தான் இருந்தேன். அங்கே அந்தத் தனிமைக்கு வாடகை வேறு கொடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் யாருக்கும் எனக்கு வேலை இருக்கிறது என்ற நம்பிக்கை கிடையாது. காலை பத்து மணிக்குக் கைலியும் பனியனுமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனை வேறு என்னவென்று நினைப்பார்கள்? "சும்மாதானே தம்பி இருக்கே" என்று சொல்லி கேஸ் புக் பண்ண, கரண்ட் பில் கட்ட, ஆதாரில் போன் நம்பர் மாற்ற என்று வருவார்கள். ஒருமுறை மாப்பிள்ளை பார்க்கப் பெண் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாவும் அதற்காகத் திருப்பூரிலிருந்து வந்து கேசரி கிண்டி வைத்திருந்தாள். அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்கள் கூடத்தில் இருக்க, நான் மூலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் தாய்மாமா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவாரு?" என்று கேட்டார். இதுதான் வேலை என்று அம்மா சொன்னதை அவர் வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். கேசரியைச் சாப்பிட்டுப் போனவர்கள்தான், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, உள்ளுக்குள் அவ்வளவு சிரிப்பாக இல்லை. சில நாட்களில் மீன்கார அக்காவிடம் "இன்னைக்கு வேணாம்க்கா" என்று சொல்வதுதான் நான் வாய் திறந்து பேசுகிற முதல் பேச்சாக இருக்கும். ஆபீஸ் மீட்டிங்கில் "கேக்குதா?" என்பார்கள், "கேக்குது" என்பேன். எங்கள் ஊர் சிக்னலுக்கு முகத்தைக் காட்டினால் சத்தம் போய்விடும், அதனால் கேமராவைப் போடுவதே இல்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே லேப்டாப். அதனிடமே பேசவும் ஆரம்பித்துவிட்டேன். "என்னடா, இன்னைக்கு இவ்வளவு மெதுவா இருக்கே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறேன்.

உண்மையிலேயே அதற்கு உடம்பு சரியில்லாமல்தான் போகும். கடலிலிருந்து வருகிற உப்புக் காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறி எல்லாம் துருப்பிடிக்கும். ஆபீஸ் கொடுத்த முதல் லேப்டாப் இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. அடுத்தது அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்திருக்கிறது என்று ஆபீசில் சொன்னார்கள். மூன்றாவதைக் கையில் கொடுக்கும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், இதற்கும் ஏதாவது ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட வேண்டியதுதான், இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மீனை ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புவார்களே, அந்த வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. மீன்கார அக்காவிடம் புதிதாக ஒன்று வாங்கினேன். அடியில் ஈரத்தை இழுக்க ஒரு துணி முடிச்சில் பச்சரிசி. அதன்மேல் துண்டில் சுற்றிய லேப்டாப். மூடியைப் போட்டு, பழைய சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டிவிடுவேன். வேலை முடிந்ததும் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் காற்று நெருங்காது.

கம்ப்யூட்டர் என்றால் மூடித்தான் வைக்க வேண்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கமான விஷயம். எங்கள் பள்ளிக்கு முதல்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று ஒரு அறையை ஒதுக்கி, பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மூச்சு அதிகம் விடக் கூடாது, தூசி போய்விடும் என்றார் வாத்தியார். அந்த வருஷம் முழுக்க நாங்கள் அந்த உறையைத்தான் படித்தோம். ஆயுத பூஜையன்று மட்டும் உறையைக் கழற்றி, திரையில் மூன்று பட்டை சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து விசைப்பலகை மேலேயே பிழிந்துவிட்டார்கள். அதோடு அது எழுந்திருக்கவே இல்லை. நன்றாகப் படிக்கிறவன் என்று என்னைக் கூப்பிட்டு முதல் பொத்தானை அழுத்தச் சொன்னதும் அன்றைக்குத்தான். நான் அழுத்தியதால்தான் கெட்டுப் போனது என்று பையன்கள் பத்தாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

இனி இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். இரண்டு பேருமே அப்போது எனக்குத் தொல்லை என்று தோன்றியவர்கள்.

ஒருவர், நான் எழுதுகிற புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற அம்மா. சென்னையில் அவரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தார். மூன்று வருஷமாகக் குரல் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி கறாரான குரல். "வேலை செய்யல. திரும்பப் பாருங்க." இந்த இரண்டு வாக்கியத்தைத்தான் தினமும் எழுதி அனுப்புவார். பகல் முழுவதும் அவர் சொல்கிற குறைகளைச் சரி செய்து கொடுப்பேன். சாயங்காலம் எல்லாம் முடிந்தது என்று பெட்டியை எடுக்கும் நேரம் பார்த்து, கடைசியாக ஒன்று வரும். அதுவும் உருப்படியான குறையாக இருக்காது. "அந்தப் பட்டன்ல நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு." "மேல இருக்கிற எழுத்து ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருக்கு." எந்தக் குறையாக இருந்தாலும் கூப்பிட்டுப் பேசித்தான் முடிக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடுவேன். "சரி மேடம், பாக்குறேன்" என்று வைத்துவிடுவேன்.

இன்னொருவர் பக்கத்து வீட்டு மாமா. முஸ்லிம் குடும்பம். எங்கள் பக்கத்தில் மாமா, மாப்ள என்று முறை வைத்துத்தான் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வோம். வாலிப வயசு முழுவதும் வளைகுடாவில் உழைத்துவிட்டுத் திரும்பியவர். அவர் திரும்பி வந்ததும் மகன்கள் இருவரும் அங்கே போய்விட்டார்கள். மாமி இறந்த பிறகு அவரும் ஒற்றை ஆள்தான். தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த கையோடு, போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்.

"மாப்ள, இது வேலை செய்யலயே."

பார்த்தால் ஒன்றும் இருக்காது. போனின் பக்கவாட்டில் உள்ள சத்தத்தை நிறுத்துகிற பொத்தான் கீழே தள்ளியிருக்கும். மேலே தள்ளிக் கொடுப்பேன். "அட, இவ்வளவுதானா" என்பார். அப்படியே சவூதி வெயில், ஒட்டகப் பால் என்று ஆரம்பிப்பார். எனக்கு அப்போதுதான் சென்னை அம்மாவிடமிருந்து நீலப் பட்டன் வந்திருக்கும். "மாமா, வேலை கிடக்கு" என்று எழுந்துகொள்வேன். அவரும் "போயிட்டு வாரேன் மாப்ள" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மீட்டிங்கில் நான் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். நடுவில் மீன்கார அக்கா வாசலில் நின்று "விளமீனு... நண்டு..." என்று குரல் கொடுக்க, மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மீட்டிங் முடிந்ததும் அந்தச் சென்னை அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது. "விளமீன் அங்க நல்லா கிடைக்குமா?" மூன்று வருஷத்தில் வேலையைத் தவிர அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வேலை செய்தது. அந்த வாரக் கடைசியில் ஒரு பெரிய வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பெட்டி மீன் அனுப்பினால் நீலம் கொஞ்சம் வெளுத்துத் தெரியாதா என்று நினைத்தேன். அவருடைய போன் நம்பரையும் முகவரியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மீன்கார அக்கா மதியம் நல்ல விளமீனாகப் பார்த்து எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். சென்னைக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட ஆட்டோவுக்கும் சொல்லியாகிவிட்டது. நானும் வேலையை முடித்து, லேப்டாப்பை அதன் பெட்டியில் வைத்து டியூபைக் கட்டினேன். மீன் பெட்டிக்கு மூடி மேல் டேப் ஒட்ட வேண்டும். பார்த்தால் வீட்டில் டேப் இல்லை. அப்போது மாமா போனோடு வந்தார். "உக்காருங்க மாமா, டேப் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். முகவரி எழுதிய சீட்டு ஜன்னலில் இருந்தது. பெட்டிகள் இரண்டும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

திரும்பி வந்தால் மாமா முகம் மலர்ந்து நிற்கிறார். "ஆட்டோக்காரன் வந்துட்டான் மாப்ள. அனுப்பியாச்சு. சீட்டயும் வெச்சு அனுப்பிட்டேன். ஒங்க கம்ப்யூட்டர் பொட்டிய உள்ள கட்டிலுக்கு அடியில வெச்சுட்டேன், அங்கனதானே வெப்பீக?"

நன்றி சொல்லி, அவர் போனின் பொத்தானை மேலே தள்ளிக் கொடுத்து அனுப்பினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வெள்ளைப் பெட்டி இருந்தது. மீன் வாசனை வந்ததா என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் மீன் வாசனை வராவிட்டால்தான் சந்தேகம் வரும்.

மறுநாள் காலை மீட்டிங்குக்காகக் குளித்து, தலை வாரி, காபியோடு உட்கார்ந்து பெட்டியை இழுத்தேன். இழுக்கும்போதே கை சொல்லியிருக்க வேண்டும். மூடியைத் திறந்தேன். பாதி உருகிய ஐஸ் தண்ணீருக்குள்ளிருந்து விளமீன்கள் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. லேப்டாப் எங்கே என்று மீனுக்கு அடியில் கையை விட்டுத் தேடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடியை மூடுவதற்குள் போன் அடித்தது. அந்த அம்மா.

"பார்சல் வந்துருச்சு."

"மேடம்..."

"நல்லா ஃப்ரெஷ்ஷா இருக்கு. இதுக்குச் செதில் எடுக்கணுமா, இல்ல அப்படியே குழம்புல போட்டுடலாமா?"

சொன்ன குரலில் சிரிப்பே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. லேப்டாப் போய்விட்டது என்று தெரிந்தால் ஆபீசில் சும்மா விடமாட்டார்கள். வேலையும் போகலாம். அதைவிட, இந்த வீட்டில் அந்தச் சின்னத் திரை ஒன்றுதான் எனக்கு வெளியுலகம். அது இல்லாமல் அந்தக் கூடத்தில் நின்றபோது வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

கட்டியிருந்ததா கட்டாமல் இருந்ததா என்றுதான் மாமா பார்த்திருக்கிறார். கட்டி முடித்தது ஊருக்குப் போகிற பெட்டி, கட்டாதது வீட்டுப் பெட்டி. அவர் கணக்கில் தப்பே இல்லை. அந்த வீட்டுப் பெட்டி கனமாக இருந்ததே என்று பிறகு கேட்டதற்கு, "கம்ப்யூட்டருன்னா கனமாத்தானே மாப்ள இருக்கும்?" என்றார்.

அந்த அம்மா போனை வைக்கவில்லை. "மீட்டிங்ல உங்களுக்குக் கரண்ட் இல்லைன்னு சொல்லிடறேன். உங்க ஊர்ல கரண்ட் இல்லைன்னா எல்லாரும் நம்புவாங்க" என்றார். நான் எழுதியதில் ஒரு புள்ளி தவறினாலும் விடாத மனுஷி எனக்காகப் பொய் சொல்லப் போகிறார். இன்றைக்கே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாம். நானே கொண்டு வரேன். லீவு போட்டுக்கறேன். சாயங்கால ரயில்ல கிளம்பினா காலையில அங்க வந்துடலாம் இல்ல?"

அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டேன். பஸ்ஸில் திருப்பி அனுப்பினால் இந்தத் தடவை நண்டு வந்து சேரும் என்றார்.

மண்டபம் ஸ்டேஷனில் மறுநாள் காலை நின்றேன். உயரமாக, கண்ணாடி போட்டு, கையில் பிரம்பு இல்லாத குறையாக ஒருவர் இறங்குவார் என்று எதிர்பார்த்தேன். குள்ளமாக, மெலிந்து, நைந்த காட்டன் சேலையும் முதுகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டுகிற மாதிரி ஒரு பையுமாக, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தெர்மோகோல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். வாய் திறந்து பேசிய பிறகுதான் அவர்தான் என்று நம்பினேன்.

"ராத்திரி பூரா மடியிலயே வெச்சுட்டு வந்தேன். எதிர் சீட்டுல ரெண்டு பேர் பெட்டியைப் பாத்ததுமே மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. உள்ள லேப்டாப்தான்னு சொன்னேன், நம்பல. கடைசியில மீனுன்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் தூங்கினாங்க."

அவரை வண்டியில் உட்கார வைத்துத் தெருவுக்குள் நுழைந்தபோது மீன்கார அக்கா வாயில் கை வைத்து நின்றார். "ஏ தம்பி, பொண்ணு வீட்டுக்காரகளா? சொல்லவே இல்லையே!" என்று அங்கிருந்தே கத்தினார். இல்லைக்கா, ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்கு நிஜமாகவே ஒரு ஆபீஸ் இருக்கிறது என்று எங்கள் தெரு அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

முந்தின நாள் பெட்டியில் இருந்த மீனைச் சுத்தம் பண்ணி, கொஞ்சத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு மீதியை மாமாவுக்கும் தெருவுக்கும் கொடுத்திருந்தேன். அதில்தான் குழம்பு. வைக்கத் தெரியாமல் நான் தடுமாறுவதைப் பார்த்து, அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் வந்துவிட்டார். புளியைக் கரைத்துக்கொண்டே தன்னைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் கனடாவில். இவர் இருப்பது ஒன்பதாவது மாடி. எதிர் வீட்டுக் கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று சத்தத்தில் தெரியும், ஆனால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. இதையெல்லாம் அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த வீட்டில் நான் இன்னொரு ஆளுக்குத் தட்டு எடுத்து வைத்தே ரொம்ப நாள் ஆகியிருந்தது. சாப்பிடுகிற நிம்மதியில் எனக்கும் தைரியம் வந்து, "மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். "எல்லாக் குறையையும் காலையிலயே மொத்தமா சொல்லிடலாமே. நான் பெட்டியைக் கட்டுற நேரமா பாத்து அந்த நீலப் பட்டனை ஏன் அனுப்புறீங்க?"

சட்டென்று சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"காலையிலயே எல்லாத்தையும் பாத்துடுவேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்து வெச்சுப்பேன், சாயங்காலத்துக்கு."

"எதுக்கு?"

"குறை சொன்னா நீங்க கூப்பிடுவீங்க இல்ல?" என்றார். "கூப்பிட்டு, சரி மேடம், பாக்குறேன்னு சொல்லுவீங்க. சில நாள் அது ஒண்ணுதான் எனக்கு."

உலகத்தில் நான் ஒருவன்தான் தனியாகக் கிடக்கிறேன் என்று அந்தப் பெரிய வீட்டில் உட்கார்ந்து எத்தனை நாள் நொந்திருக்கிறேன். அத்தனை நாளும் ஒரு மனுஷி தினமும் சாயங்காலம் என் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தொல்லை என்று நினைத்திருக்கிறேன். "இன்னும் ஒரு துண்டு மீன் போட்டுக்குங்கக்கா" என்றேன். மேடம் எப்போது அக்காவானார் என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக ரொம்ப நேரம் நின்றார். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. "அங்க வேலைக்குப் போற நேரம்" என்று என்னிடம் சமாதானம் சொன்னார்.

வீடு திரும்பினால் வாசலில் மாமா, கையில் போன். பெட்டி மாறிப்போன விஷயத்தில் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர். ஆனாலும் வந்துவிட்டார். "மாப்ள, இது வேலை செய்யலயே..." என்று இழுத்தார்.

நான் கை நீட்டுவதற்குள் அக்கா வாங்கிக்கொண்டார். குறை கண்டுபிடிப்பது அவர் தொழில் அல்லவா. போனைத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் அந்தப் பொத்தான் வழக்கம்போலக் கீழே தள்ளியிருந்தது. அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. ஒருநாள் என்றால் தற்செயலாகப் படும். தினமும் அஸர் முடிந்ததும் அந்தப் பொத்தான் தானாகவா கீழே இறங்கும்?

அக்கா பொத்தானைத் தொடவே இல்லை. முகத்தை அதே ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி வைத்துக்கொண்டு, "பெரியவரே, இதுல நிறைய கோளாறு இருக்கு. ஒரு நாள்ல சரியாகாது. தினமும் கொண்டுவந்து தம்பிகிட்ட காமிங்க" என்றார்.

"அப்படியாம்மா?" என்றார் மாமா. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. "இன்ஷா அல்லா, நாளைக்கும் வாரேன் மாப்ள. நீங்க வேலைய முடிச்சுட்டு மெதுவா பாருங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அக்கா அன்றைக்கே ரயில் ஏறிவிட்டார். ஆபீசுக்கு விஷயம் தெரியவில்லை, வேலையும் நேரத்துக்கு முடிந்தது. மீன் சாப்பிட்டுவிட்டாரே என்று சலுகையெல்லாம் கிடைக்கவில்லை. "வேலை செய்யல. திரும்பப் பாருங்க" என்று மறுநாளே வந்தது. சாயங்காலம் நீலப் பட்டனும் வந்தது. நான் கூப்பிட்டேன். நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு, இன்றைக்கு மீன்கார அக்கா என்ன மீன் கொண்டு வந்தார், மாமாவின் போன் எப்படி இருக்கிறது என்று பேசினோம். அப்படியே சில மாதம் ஓடியது. என் வாழ்க்கையில் சாயங்காலத்துக்காக நான் காத்திருந்த மாதங்கள் அவை.

பிறகு கம்பெனியில் சோதிக்கிற வேலைக்கு ஆள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அக்காவை முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். இப்போது மகளோடு கனடாவில் இருக்கிறார். எப்போதாவது பேசுவார். எங்கள் சாயங்காலம் அங்கே விடியற்காலை, அதனால் பேச்சும் தூக்கக் கலக்கத்தில் பாதியில் நிற்கும். என் வேலையை இப்போது ஒரு மென்பொருள்தான் சோதிக்கிறது. அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது. இருக்கிற குறையை எல்லாம் காலையிலேயே ஒன்றுவிடாமல் கொட்டிவிடும். சாயங்காலத்துக்கென்று எதையும் எடுத்து வைப்பதில்லை.

வேலை முடிந்து, பச்சரிசி முடிச்சின் மேல் லேப்டாப்பை வைத்து டியூபை இழுத்துக் கட்டும்போது வீடு முழுக்க அமைதியாக இருக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் எரிச்சலோடு எதிர்பார்த்த, குறை வந்திருக்கிறது என்கிற அந்தச் சின்ன மணிச் சத்தத்துக்கு இப்போதும் காது நீளும். வராது என்று தெரியும், இருந்தாலும் நீளும்.

அஸர் தொழுகை முடிந்து மாமா இன்றைக்கும் வந்தார். போனை நீட்டினார். பொத்தான் கீழேதான் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மாமா, இதுல என்னமோ பெரிய கோளாறா தெரியுது" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனேன். யாராவது ஒரு குறையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால், அதை அவசரப்பட்டுச் சரி செய்து அனுப்பிவிடக் கூடாது என்று, மீன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்த அந்த அக்காவை நினைத்துத்தான் ஒவ்வொரு சாயங்காலமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.